புழுதிக்காற்று நாளில் நெஞ்சைக் கவனியுங்கள்
குவைத்திலும் ரியாத்திலும் கோடையில் ஷமால் எனும் புழுதிக்காற்று கிளம்பினால், கண்ணெரிச்சலோடு போய்விடும் என்று விட்டுவிடாதீர்கள். 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள் நுரையீரலின் ஆழம்வரை போய் ரத்தக்குழாய்களில் அழற்சியைத் தூண்டும். ரத்தம் உறையும் தன்மையும் கூடலாம்.

இதய நோய், சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் அன்று வெளியே நடைப்பயிற்சி வேண்டாம். வெயிலில் வேலை பார்ப்பவர்களிடம் ‘வெளியே போகாதீர்கள்’ என்று சொல்வது எளிது, ஆனால் அவர்கள் என்ன செய்ய! அவர்களுக்கு முகத்தில் இறுகப் பொருந்தும் என்95 கவசமாவது வேண்டும். கைக்குட்டை பெரிதாக உதவாது. காரில் ஏசியை உள்காற்றே சுழலும்படி வையுங்கள். காற்று அடங்கியதும் வீட்டைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

நெஞ்சு இறுக்கம், கையில் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் ‘தூசிதான் காரணம்’ என்று காத்திருக்க வேண்டாம். அவசர உதவிக்கு குவைத்தில் 112, சவுதியில் 997.