‘சண்டை வேண்டாம்!’ என்று சொல்லும் செல்

“எதிர்ப்பு சக்தி கூடுறதுக்கு ஒரு டானிக் எழுதிக் கொடுங்க டாக்டர்!” குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் அம்மாக்கள் பலரும் கேட்பது இது. கூடினால் நல்லதுதானே என்பது நம் எண்ணம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். காலையில் நீங்கள் சாப்பிட்ட பருப்பும் பாலும் உடம்புக்கு அந்நியப் பொருள்தான். போதாக்குறைக்குக் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் குடித்தனம் நடத்துகின்றன. எதிர்ப்பு சக்தி இவற்றின் மேல் பாய்வதில்லையே, ஏன்?

பாயாமல் தடுப்பதில் பெரும் பங்கு டென்ட்ரிடிக் செல்லுக்கு உண்டு. மரக்கிளை மாதிரி கைகளை நீட்டிக்கொண்டு தோல், குடல், நுரையீரல் என்று எங்கும் காவல் இருக்கும். 1868-ல் தோலில் இந்த வகைச் செல்லைப் பார்த்த பால் லாங்கர்ஹான்ஸ், ‘இது நரம்பு’ என்று நினைத்துவிட்டார்! 1973-ல்தான் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஸ்டைன்மன், கோன் இருவரும் எலியின் மண்ணீரலில் இதைக் கண்டு பெயர் வைத்தார்கள்.

சாதாரண நாளில் இந்தச் செல் ‘முதிராத’ நிலையில் இருக்கும். கிடைத்ததை விழுங்கி, துண்டாக்கி, ‘டி’ செல் என்ற வெள்ளை அணுவிடம் காட்டும். வெறுமனே காட்டினால் டி செல் சண்டைக்குக் கிளம்பாது, அடங்கிப் போகும். சில டி செல்கள் மற்றவற்றையும் அடக்கி வைக்கும் ‘ரெகுலேட்டரி’ செல்களாக மாறும். (இந்த அடக்கும் செல்களைப் பற்றிய ஆராய்ச்சிக்குத்தான் 2025-ல் மருத்துவ நோபல் பரிசு.)

சரி, நிஜமாகவே கிருமி வந்துவிட்டால்? டென்ட்ரிடிக் செல்லின் மேல் ‘டி.எல்.ஆர்.-4’ என்றொரு புரதம் இருக்கிறது; காலிங் பெல் மாதிரி. சில பாக்டீரியாக்களின் மேலுறை பட்டதும் அது அடிக்கும். உள்ளே கட்டிப் போட்டிருந்த ‘என்.எஃப்.கப்பா-பி’ என்ற புரதம் அவிழ்ந்து, உட்கருவுக்குள் ஓடி, ஜீன்களைத் தட்டி எழுப்பும். செல் முதிர்ந்துவிடும்! ‘சி.டி.80’, ‘சி.டி.86’ என்ற இரண்டு கொடிகளை ஏற்றிக்கொண்டு பக்கத்து நிணநீர் முடிச்சுக்குப் போகும். துண்டோடு கொடியையும் பார்த்தால்தான் டி செல் சண்டையில் இறங்கும். தொண்டைப் புண் வந்தால் கழுத்தில் நெறி கட்டுகிறதே, அந்தக் களேபரம் இதனால்தான்.

பெல் அடித்துக்கொண்டே இருந்தால் வீடு தாங்குமா? அதை நிறுத்தவும் ஒரு புரதம் உண்டு. பெயர் ‘ஏ-20’. எலிகளின் டென்ட்ரிடிக் செல்களில் மட்டும் இதை நீக்கிப் பார்த்தார்கள். கிருமியே இல்லாமல் செல்கள் முதிர்ந்து, சொந்த உடம்பையே தாக்க ஆரம்பித்துவிட்டன. மனிதர்களிலும் இது உண்டு. ஏ-20 ஜீனின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே சின்ன வயதிலிருந்து திரும்பத் திரும்பக் காய்ச்சலும் வாய்ப்புண்ணும் வரலாம் என்று 2016-ல் தெரிய வந்தது. இவர்களிடம் எதிர்ப்பு சக்தி குறைவில்லை, பிரேக்தான் குறைவு. ‘சக்தி கூட்டும்’ பவுடரால் இவர்களுக்கு என்ன பிரயோஜனம், சொல்லுங்கள்?

முடக்கு வாதத்துக்கு 2005 முதல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ‘அபாடசெப்ட்’ மருந்து, அந்த இரண்டு கொடிகளையும் மூடி மறைத்துத்தான் வேலை செய்கிறது. கொடி மறைந்தால் நிஜக் கிருமியோடு போடும் சண்டையும் மந்தமாகும் இல்லையா? அதனால் மருந்து தொடங்கும் முன் டி.பி. பரிசோதனை செய்வார்கள். மருந்து எடுக்கும்போது உயிருள்ள கிருமித் தடுப்பூசிகள் கூடாது. காய்ச்சல் வந்தால் அடுத்த ஊசிக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லிவிடுங்கள்.