மழைக் கணக்கு பைல் உடையாமல் இருக்க அக்கா சொல்லும் டிப்ஸ்

பதுளைப் பக்கம் மழை கொட்டுகிற அன்றைக்குத்தான் கரண்டும் போகும். மழைமானியை லெப்டொப்பில் மாட்டி நாள்கணக்கில் ஓடவிட்டிருக்கிறாயே தங்கச்சி, இதைக் கேள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் ஆயத்தம், 150 என்றால் வெளியேற்றம். மண்சரிவுக்கு தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் கணக்கு இது. நடுவில் பைல் உடைந்தால் எதைக் கூட்டுவாய்? 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதைப் பார்த்த மாவட்டம் இது. அசட்டை வேண்டாம்.

1. மாதம் முழுக்க ஒரே பைலில் எழுதாதே. நாளுக்கு ஒன்று போதும். 2025-11-05 என்று வருடம் முன்னால் வரப் பெயர் வை, தானாக வரிசைப்படும். கெட்டாலும் ஒரு நாளோடு போகும்.

2. வாசிப்பு வந்த கையோடு டிஸ்க்கில் இறங்க வேண்டும். "கடைசியில் சேவ் பண்ணலாம்" என்று நினைவகத்தில் குவித்தால், லெப்டொப் அணைந்த நொடியில் எல்லாம் காலி. பைதனில் எழுதினால் ஒவ்வொரு வரிக்கும் ஃபிளஷ், அதன்பின் எஃப்சிங்க். ஃபிளஷோடு நிறுத்தினால் விண்டோஸ் கொஞ்ச நேரம் தன்னிடமே வைத்துக்கொள்ளும். சாதாரண சிஎஸ்வியாகவே எழுது. அறுந்தால் பெரும்பாலும் கடைசி வரிதான் போகும். எக்செல் பைல் பாதியில் நின்றால் முழுதுமே திறக்காமல் போகலாம்.

3. ஓடுகிற பைலை எக்செல்லில் திறக்கவே திறக்காதே! அது பூட்டிக்கொள்ளும், உன் புரோகிராம் எழுத முடியாமல் நிற்கும். போதாததற்கு சேவ் கொடுத்தால் திகதியையும் மாற்றிவிடும். அவசரமா? கொப்பி எடுத்து கொப்பியைப் பார்.

4. பென் டிரைவில் நேரடியாக எழுதாதே. யாராவது பாட்டுக் கேட்க உருவிக்கொண்டு போவார்கள், நம்ம வீடுகளில் இது புதுசா? உள் டிஸ்க்கில் எழுது, முடிந்த நாளின் பைலை மட்டும் பென் டிரைவுக்குக் கொப்பி பண்ணு.

5. ஸ்லீப்பை நிறுத்து. விண்டோஸ் அப்டேட் தானாக ரீஸ்டார்ட் பண்ணாதபடி வை. லெப்டொப்புக்கு பட்டரி இருக்கு, மழைமானிப் பெட்டிக்கு? அதை யூபிஎஸ்ஸில் மாட்டு.

6. பதிவு விடுபட்ட நேரத்தில் 0 போடாதே. 0 என்றால் மழை இல்லை என்று அர்த்தம். வெற்றாக விடு, பக்கத்தில் காரணம் எழுது.

7. காலையில் தேத்தண்ணி ஊற்றும் நேரத்தில் கடைசி வரியின் நேரத்தைப் பார். நேற்று இரவிலேயே நின்றிருந்தால் உடனே கிளப்பு.