கோலார்த் தங்கவயலின் மாளிகைகள்

போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரம் எம் ஊர். அவ்வூர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-ஆம் ஆண்டில் நடுவணரசு ஒப்புதல் அளித்தபோது யாம் சிறுவர். மலையடியில் வாழ்ந்தோர் அதனை எதிர்த்தனர். அப்போதெல்லாம் பெரியோர் பேச்சில் கோலார்த் தங்கவயலின் பெயர் அடிபட்டது. வளிமண்டலத்தில் தோன்றும் அந்நுண்துகளை 1965-இல் அறிவியலார் அவ்வூர்ச் சுரங்கத்தின் ஆழத்தில் கண்டனர். நிலத்தைக் குடைந்த ஊர் எங்ஙனம் வாழ்ந்தது என்றறிய விரும்பிச் சென்ற விடுமுறையில் ஆண்டுச் சென்றோம்.

1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே பெருஞ்சுரங்கத் தொழிலைத் தொடங்கினர். 1902-இல் சிவசமுத்திரத்துக் காவிரி மின்சாரம் அங்கு வந்தது. சீமையிலிருந்து வந்த அதிகாரிகள் சரிவுக் கூரையும் அகன்ற தாழ்வாரமும் பூந்தோட்டமும் அமைந்த பங்களாக்களில் வாழ்ந்தனர். ‘சின்ன இங்கிலாந்து’ என்று பிறர் அவ்வூரைப் புகழ்ந்ததில் வியப்பில்லை. யாமும் வியந்தே நின்றோம்.

ஆயினும், இத்தகைய மாளிகைகளைக் காண்போர் ஒரு வினாவை உடன்கொண்டு செல்லல் வேண்டும்: இதற்குரிய பொருளை ஈட்டியோர் எங்கே உறங்கினர்?

தங்கவயலில் அதற்கு விடை தொலைவில் இல்லை. வட ஆற்காடு, சேலம் முதலிய மாவட்டங்களினின்று வந்த தமிழர், அவருள்ளும் பெரும்பாலும் ஆதிதிராவிடர், ‘லைன்’ எனப்படும் வரிசைக் குடில்களில் நெருங்கி வாழ்ந்தனர். சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் சென்றது. பாறை வெடித்து மாண்டோரும், கல்தூசினால் நுரையீரல் நைந்தோரும் பலர். கைரேகை பதிய வேண்டுமென்ற ஆணையை எதிர்த்து 1930-இல் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தங்கத்தைக் கொணர்ந்த கைகளையே கள்வர் கைகளெனக் கருதியது அவர்தம் நெஞ்சைச் சுட்டது போலும்! 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மேடுகள் மட்டும் இன்றும் நிற்கின்றன.

அமெரிக்க நாட்டு மான்டானாவில் பியூட் என்னும் செம்புச் சுரங்க நகர் உளது. அங்கே வில்லியம் கிளார்க் என்னும் செல்வர் 1884 முதல் 1888 வரை கட்டிய 34 அறை மாளிகையைப் பின்னாளில் ஒரு குடும்பத்தார் புதுக்கினர். வண்ணக் கண்ணாடிச் சாளரங்களையும் ஓவிய விதானங்களையும் மக்கள் கண்டு மகிழ்கின்றனர். அவ்வூரிலேயே 1917-இல் ஒரு சுரங்கத் தீயில் 168 பேர் மாண்டனர். அவர்க்கும் அங்கே நினைவிடம் உண்டு. இரண்டையும் கண்டவனே அந்நகரைக் கண்டவனாவான்.

பழம்பெரும் மாளிகைகளைப் புதுக்குதல் நன்றே. அதனோடு ஒரு லைன் வீட்டையேனும் காத்தல் வேண்டும். எம் ஊர்ப்புறத்துப் பெண்டிர் நாள்தோறும் ஏலமலைத் தோட்டங்களுக்கு ஏறிச் சென்று மாலையில் மீள்கின்றனர். பங்களாவும் லயமும் எமக்கும் புதியன அல்ல. மலையை நோக்கும்போதெல்லாம், அதன் அடியில் வாழ்வோரையும் உடன் நோக்குதல் வேண்டுமென்பதே தங்கவயலில் யாம் கற்ற பாடம்.