வேலை போனதா? வக்கீலுக்காகக் கடன் வாங்காதீர்கள்

மில்லிலோ கம்பெனியிலோ திடீரென்று நிறுத்திவிட்டு, பாக்கிச் சம்பளத்தையும் இழுத்தடிக்கிறார்களா? தாலுகா நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி தரும் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கிறதா என்று விசாரியுங்கள். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், ஆலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. வக்கீல் இலவசம்.

பாஸ்புக், அடையாள அட்டை, சூப்பர்வைசர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி, ஏன், கணக்கு எழுதித் தந்த துண்டுச்சீட்டைக்கூட எடுத்துப் போங்கள். அதுவே சாட்சியாகலாம். வெற்றுத் தாளில் கையெழுத்து மட்டும் கூடவே கூடாது.

வழக்கு மக்கள் நீதிமன்றத்துக்கு (லோக் அதாலத்) வந்து சமரசம் பேசும்போது அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். அங்கே ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல்முறையீடு கிடையாது.