மருந்துக் கிடங்கிலிருந்து நிர்வாகக் குழு வரை

திருச்சியில் அரசு மருத்துவ நிர்வாகத்துக்கு வருகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த வாசல் யாருடையது என்பதை. புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்தது. மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகிறது. காவிரிப் பாலத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனை. அது நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்துக்குப் பதில் சொல்லும். கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதாரத் துறையின் பொறுப்பு. மாநகருக்குள் உள்ள நகர்ப்புற நிலையங்களை மாநகராட்சி நடத்துகிறது. ஒரு கர்ப்பிணி பத்து மாதத்தில் இவற்றில் மூன்று வாசல்களையாவது மிதித்துவிடுவார். அவருடைய கேஸ் ஷீட் எங்கே தொலைகிறது என்று கண்டுபிடிப்பவர்தான் நல்ல நிர்வாகி.

எந்த ஏணி?

மருத்துவம் படித்தவர் என்றால், 2012-ல் உருவான மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக உதவி மருத்துவராகச் சேரலாம். அங்கிருந்து வழி பிரிகிறது. பொது சுகாதாரத்தில் மேற்படிப்பு முடித்தால் மாவட்ட சுகாதார அலுவலர் பதவியை நோக்கிப் போகலாம். மருத்துவமனைப் பக்கம் நின்றால் நிலைய மருத்துவ அலுவலர், கண்காணிப்பாளர், இணை இயக்குநர் என்று ஏறலாம். எது வேண்டும் என்பதைச் சீக்கிரம் முடிவு செய்யுங்கள். நடுவில் மாறினால் சீனியாரிட்டியும் மேற்படிப்பும் இடிக்கும்.

டாக்டர் அல்லாதவர்களுக்கும் இடம் உண்டு. டி.என்.பி.எஸ்.சி. எழுதி அமைச்சுப் பணியில் சேர்ந்தவர் நிர்வாக அலுவலர் வரை உயரலாம். மருத்துவமனை நிர்வாகம் படித்தவர்களைத் தேசிய நலவாழ்வுத் திட்டம் ஒப்பந்த அடிப்படையில் எடுக்கிறது. ஒப்பந்தம் எத்தனை மாதம், யார் நீட்டிப்பார்கள் என்பதைச் சேருமுன் கேட்டுவிடுங்கள்.

முதல் ஐந்து வருஷம்: ஸ்டாக் ரிஜிஸ்டர்

1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மாநில அளவில் மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைக்கிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். அதில் ஒதுக்கிய தொகைக்குள் மருந்து எடுத்துக்கொள்ளலாம். வேறு மாநிலங்களும் பார்த்துப் பின்பற்றிய ஏற்பாடு இது.

இந்த பாஸ்புக்கை வாசிக்கப் பழகுங்கள். போன மழைக்காலத்தில் எத்தனை குளுக்கோஸ் பாட்டில் செலவானது, எந்த மாத்திரை காலாவதிக்கு நெருங்குகிறது, இண்டென்ட் போட்டு எத்தனை நாளில் சரக்கு வந்தது என்று மூன்று கேள்வி போதும். பார்மசிஸ்ட்டிடம் உட்கார்ந்து கேளுங்கள். தணிக்கை வரும்போது அந்த மரியாதை திரும்பக் கிடைக்கும்.

வைகுண்ட ஏகாதசி என்னும் தேர்வு

கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியாதவர் பொது சுகாதாரத்தில் நிலைக்க முடியாது. ஸ்ரீரங்கத்தில் பரமபத வாசல் திறக்கும் நாள் அதற்குச் சரியான தேர்வு. சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது: 1939-ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்தில் சந்தைகள், திருவிழாக்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. அந்தச் சட்டம் வந்தபோது ராஜாஜி அமைச்சரவையில் பொது சுகாதாரத்தையும் அறநிலையத்தையும் சேர்த்துக் கவனித்தவர் டாக்டர் தி.சே.சௌ. ராஜன், 1880-ல் ஸ்ரீரங்கத்தில் பிறந்தவர். சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். எந்த அதிகாரம் உங்களுடையது, எது மாநகராட்சியுடையது என்ற பாதிச் சண்டை அதோடு தீரும்.

விழாவுக்கு முன்பே குறித்துக்கொள்ள வேண்டியவை: குழாய் முனையில் குளோரின் குறைந்தது 0.2 பி.பி.எம். இருக்கிறதா, கழிப்பறைக்குத் தண்ணீர் யார் ஊற்றுவார்கள், 108 வண்டி எந்த வீதி வழியாக வெளியே போகும். கடைசிக் கேள்விக்குப் போலீஸையும் கோயில் அலுவலகத்தையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துப் பதில் வாங்குங்கள்.

குழுவில் உட்காரும்போது

அதிகாரியாக இருந்தவரை உங்களிடம் கேட்டார்கள். குழு உறுப்பினரானதும் கேட்பது உங்கள் வேலை. பலர் தடுக்கி விழுவது இங்கேதான். பழைய பழக்கத்தில் நர்ஸுக்கு டூட்டி போடத் தொடங்கிவிடுவார்கள்.

பழக நல்ல இடங்கள் இரண்டு. ஒன்று, அரசு மருத்துவமனைகளின் நோயாளர் நலச் சங்கம். சின்னப் பழுதுபார்ப்புக்கும் அவசரச் செலவுக்கும் அங்கே பணம் உண்டு. இரண்டு, மருந்து ஆய்வு நடக்கும் மருத்துவமனைகளின் நெறிமுறைக் குழு. 2019 விதிகளின்படி அதில் குறைந்தது ஏழு பேர். பாதிப்பேர் அந்த நிறுவனத்தைச் சாராதவர்கள். பொதுஜனம் ஒருவராவது இருக்க வேண்டும்.

அறக்கட்டளை மருத்துவமனை அழைத்தால் ஒத்துக்கொள்ளும் முன் துணைவிதிகள், மூன்று வருஷத் தணிக்கை அறிக்கை, கடைசிக் கூட்டங்களின் தீர்மான நோட்டு மூன்றையும் கேளுங்கள். காசோலையில் யார் யார் கையெழுத்து என்றும் பாருங்கள். தரத் தயங்கினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடலாம். இன்னும் அரசுப் பணியில் இருக்கிறவர், 1973 நடத்தை விதிகளைப் பார்த்து முன் அனுமதி வாங்கிக்கொண்டே எதிலும் சேர வேண்டும்.

சர்வீஸில் கற்றது ஓய்வுக்குப் பின் வீணாகாது. மதுரையில் அரசுக் கண் மருத்துவராக முகாம்கள் நடத்திப் பழகிய டாக்டர் கோ. வெங்கடசாமி, ஓய்வுபெற்ற பிறகு 1976-ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முகாமில் பார்த்த கூட்டம்தான் அந்த மருத்துவமனையின் வேலைமுறையைத் தீர்மானித்தது.

குழுவில் சேரும் நாளிலேயே விலகும் வருஷத்தையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதற்குள் உங்களைவிட இளையவர் ஒருவர் கணக்கை வாசிக்கவும் தலைவரிடம் கேள்வி கேட்கவும் பழகியிருக்க வேண்டும்.