விடைக்குக் காத்திருக்கையில் கடிகாரம் ஓடுமா?

நம் சங்கத்துக் குழந்தைகளின் வினாடி வினாவைக் கணிப்பொறியில் நடத்துவதற்காக ஒரு நிரல் எழுதி வருகிறேன். கேள்வி திரையில் தோன்றும். 30 விநாடிக்குள் விடையைத் தமிழில் தட்டெழுத வேண்டும். கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் பைத்தான் மொழி பயிலும் நம் பிள்ளைகள் பலரும் இந்த இடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். "அங்கிள், இன்புட் என்று எழுதியதும் எல்லாமே நின்றுபோகிறதே, கடிகாரத்தை எப்படி ஓட்டுவது?" என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்வி. இன்புட் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

வீட்டில் ஒருவரை வாசலுக்கு அனுப்பி, "தபால்காரர் வரும்வரை நகரக்கூடாது" என்று சொல்லிவிட்டால், அடுப்பில் பால் பொங்கினாலும் அவர் வரமாட்டார். இன்புட்டும் அப்படித்தான். நிரல் ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் "ஒரு வரி கொடு" என்று கேட்கிறது. வரி இன்னும் வரவில்லை என்றால் அது நிரலைத் தூங்க வைத்துவிடுகிறது. என்டர் விசையை அழுத்தும்வரை, தட்டிய எழுத்துகள்கூட நிரலை எட்டுவதில்லை. பிழையைத் திருத்திக்கொள்ள வசதியாக அவை வெளியிலேயே சேர்த்து வைக்கப்படுகின்றன.

இதற்கு ஒரு வழி, வாசலில் நிற்காமல் அடிக்கடி எட்டிப் பார்ப்பது. டாஸ் காலத்தில் டர்போ சி கற்றவர்களுக்குக் கேபிஹிட் நினைவிருக்கும். "ஏதாவது விசை தட்டப்பட்டதா?" என்று கேட்டு, காத்திராமல் உடனே திரும்பிவிடும். விண்டோஸில் பைத்தானிலும் அதே பெயரில் அது இருக்கிறது. ஒரு தடவை பார்த்ததற்கும் அடுத்த தடவைக்கும் நடுவே விநாடியில் 20-ல் ஒரு பங்காவது நிரலை உறங்கவிடுங்கள். இல்லாவிட்டால் பிராசஸர் வேறு வேலையின்றி இதையே செய்து சூடேறும்.

இரண்டாவது வழி, இன்புட்டை ஒரு தனி திரெட்டில் ஓடவிட்டு, கடிகாரத்தை இன்னொன்றில் ஓட்டுவது. புத்திசாலிப் பிள்ளைகள் முதலில் இதைத்தான் எழுதிக் கொண்டுவருகிறார்கள். எனக்கு இதில் விருப்பமில்லை. நேரம் முடிந்த பிறகும் அந்தத் திரெட் வாசலிலேயே நிற்கும். அதை எழுப்பி அழைத்துவர எளிய வழி கிடையாது. அடுத்த கேள்விக்குக் குழந்தை தட்டும் விடையை, பழைய கேள்விக்காக நிற்கும் அந்தத் திரெட் வாங்கிக்கொண்டு போய்விடக்கூடும்.

லினக்ஸில் நேர்வழி செலக்ட். 1983-ல் பெர்க்கிலி யூனிக்ஸின் 4.2 பதிப்பில் வந்தது. "விசை தட்டப்பட்டால் எழுப்பு, இல்லையேல் இத்தனை விநாடியில் எழுப்பு" என்று ஒரே கட்டளையில் இரண்டையும் சொல்லிவிடலாம். விண்டோஸில் செலக்ட் நெட்வொர்க் இணைப்புகளுக்கு மட்டுமே பயன்படும். அங்கே கேபிஹிட்தான் கதி.

எந்த வழியானாலும் விநாடிகளை எண்ணிக் கழிக்காதீர்கள். ஒரு விநாடி உறங்கு, ஒன்றைக் கழி என்று 30 முறை செய்தால், ஒவ்வொரு சுற்றிலும் சிறிது கூடுதலாகிக் கடைசியில் 30-ஐத் தாண்டிவிடும். தொடங்கும்போதே முடிவு நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதிலிருந்து இப்போதைய நேரத்தைக் கழியுங்கள். அதற்குச் சுவர்க்கடிகார நேரம் வேண்டாம். இணையத்தைப் பார்த்துக் கணிப்பொறி அதைத் திருத்திக்கொள்ளக்கூடும். பைத்தானில் 2012 முதல் உள்ள மானோடானிக் கடிகாரம் பின்னோக்கிப் போகாது.

இனி, எனக்கு இதைவிட முக்கியமாகப் படும் விஷயம். நாம் எந்த நேரத்தை அளக்கிறோம்? இங்கே பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் தமிழ் படிக்கிறார்கள். விடை தெரிந்த குழந்தையும் விசைப்பலகையில் 'ழ'வைத் தேடிக்கொண்டிருக்கும். என்டர் தட்டும்வரை கணக்கிட்டால் நாம் அளப்பது தமிழறிவை அல்ல, விரல் வேகத்தை. எனவே 30 விநாடியை முதல் விசை வரைக்கும் வைத்து, எழுதி முடிக்க மேலும் 45 விநாடி தரலாம் என்பது என் யோசனை. இரண்டாவது வரம்பு கட்டாயம் வேண்டும். எதையாவது ஒன்றைத் தட்டிவிட்டுச் சாவகாசமாக யோசிக்கிற சாமர்த்தியசாலிகளும் நம் பிள்ளைகளில் உண்டு!

முதல் விசையை உடனே அறிய, வரி வரியாக வாங்கும் வழக்கத்தை நிறுத்திவிட்டு, எழுத்து எழுத்தாக வாங்கும் நிலைக்குத் திரையை மாற்ற வேண்டும். லினக்ஸில் இதற்கு செட்சிபிரேக் இருக்கிறது. நிரல் முடியும்போது பழைய நிலைக்குத் திருப்புவதும் உங்கள் பொறுப்பு. தட்டியதைத் திரையில் காட்டுவது, அழிப்பது எல்லாம் இனி நம் வேலை. தமிழில் இது சற்றுச் சிக்கலானது. யூனிகோடு யுடிஎஃப்-8 முறையில் 'ழ' 3 பைட். 'ழி' இரண்டு குறியீடுகள் சேர்ந்து 6 பைட். பாதி வந்ததை எழுத்தாக்க முயன்றால் பிழைதான் வரும். முழுதும் சேரும்வரை பொறுங்கள். செலக்டுடன் படிக்கும்போது ஓஎஸ் ரீட் கட்டளையால் நேராகப் படியுங்கள். பைத்தானின் வழக்கமான படிப்பு, கூடுதல் பைட்டுகளைத் தன் மடியில் கட்டிக்கொள்ளும். செலக்டோ எதுவும் வரவில்லை என்று சாதிக்கும்.

நேரம் முடிந்ததும், சேர்த்து வைத்த எழுத்துகளையும், இன்னும் படிக்காமல் நிற்கும் விசைகளையும் துடைத்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போக வேண்டும். பின்னதற்கு லினக்ஸில் டிசிஃப்ளஷ். விண்டோஸில் கேபிஹிட் 'இல்லை' என்று சொல்லும்வரை படித்து எறியலாம். துடைக்காவிட்டால், முதல் மாதம் எது என்ற கேள்விக்கு ஒரு குழந்தை பாதியில் விட்ட 'சித்தி', அடுத்த கேள்வியின் 'மதுரை'யோடு ஒட்டிக்கொண்டு 'சித்திமதுரை'யாக வந்து நிற்கும்.