இறுகிய பிரேக் டிரம்மைக் கழற்றும் முறை

நாமகிரிப்பேட்டைப் பகுதியில் மஞ்சள் மூட்டை ஏற்றும் பழைய டெம்போ, வேன்கள் ஐப்பசி, கார்த்திகை மழையில் நின்றுவிட்டால் பின்சக்கர பிரேக் டிரம் துருவேறி இறுகிவிடும். தை அறுவடைக்கு முன் கழற்றிப் பார்ப்பது நல்லது.

மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தியபின் கைபிரேக்கை விடுவிக்க வேண்டும். சக்கரத்தையும் டிரம்மின் சிறு திருகுகளையும் கழற்றியதும் சம்மட்டியைத் தேட வேண்டாம். தேய்ந்த டிரம்மின் உள்விளிம்பில் வரப்புபோல மேடு உண்டாகி, பிரேக் ஷூவை மறித்துக்கொண்டிருக்கும். எனவே முதலில் அட்ஜஸ்டரைத் தளர்த்தி ஷூவை உள்வாங்கச் செய்ய வேண்டும். பிறகு நடுத்துளையைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடவும். டிரம் முகப்பில் மரையுள்ள துளைகள் இருந்தால், அவற்றில் போல்ட்டுகளை மாறி மாறிச் சிறிது சிறிதாக முடுக்கினால் டிரம் நகர்ந்து வரும்.

டிரம் வார்ப்பிரும்பு. விளிம்பில் ஓங்கி அடித்தால் விரிசல் விடும். அது கொல்லிமலை இறக்கத்தில்தான் தெரியவரும்!

உள்ளே படிந்த தூளை ஊதக் கூடாது. பழைய லைனிங்கில் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் இருக்கக்கூடும். ஈரத்துணியால் துடைக்கவும்.